இரவற் குரலும் இரசிகன் கடனும்

ஒருவர்மீது கொள்ளும் அன்பு அவரைப் பற்றிய பிழையான நம்பிக்கையொன்றின் மேல் எழுந்ததாயின், அவ்வன்பு மெய்யானதா பொய்யானதா என்னும் வினா பழமையானது. நட்பு, காதல், பக்தி ஆகியவற்றை முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்படுகின்றது. ஆயின், எளியதும் எண்ணற்றோர் வாழ்வில் நிகழ்வதுமான வேறோர் அன்பை முன்வைத்தும் இதனை ஆராய இடமுண்டு. திரையில் தோன்றிப் பாடும் நட்சத்திரத்தின்மீது இரசிகன் கொள்ளும் அன்பே அதுவாகும்.

1930 தொடக்கம் 1965 வரையான காலப்பகுதியில் ஹொலிவூட்டில் உருவான இசைப்படங்கள் இவ்வகை அன்பை நிறையவே பெற்றவை. கதையென்று பார்க்குமிடத்து அவற்றுட் பல மெலிந்தவை. அரங்கேற்றத்திற்குத் தயாராகும் நாடகக் குழு, ஊடலிற் பிரிந்து பாட்டிற் கூடும் காதலர், சிறு வேடத்திலிருந்து ஓரிரவிற் புகழடையும் பெண் என்னும் சில அமைப்புகளே மீண்டும் மீண்டும் வருவன. எனினும், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே 1933 இல் வெளிவந்த ‘ஃபோர்ட்டி செக்கண்ட் ஸ்ரீற்’ முதலாக 1965 இல் வெளிவந்த ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’ ஈறாக அப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்போர் இன்றும் உளர். அவர்கள் கதையை நாடிச் செல்வதில்லை. ஒரு முகம் மலர்ந்து அம்முகத்திலிருந்து ஒரு குரல் எழும் கணத்தையே நாடிச் செல்கின்றனர். முகமும் குரலும் ஒருவருடையனவே என்ற நம்பிக்கை அக்கணத்தின் இன்பத்தில் ஒரு பங்காக இருந்து வந்துள்ளது. பல படங்களில் அந்நம்பிக்கை உண்மையன்று என்பதே இங்கு எழும் சிக்கல்.

இச்சிக்கலின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்குப் படம் எடுக்கப்பட்ட முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1927 ஒக்ரோபரில் வெளிவந்த ‘த ஜாஸ் சிங்கர்’ படத்தில் அல் ஜொல்சன் கமெராவின் முன் நின்று பாடியபோதே அவரது குரல் பதிவுசெய்யப்பட்டது. இம்முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. பாட்டைத் தனியே ஒலிப்பதிவு செய்து, பின்னர் அதனை ஒலிக்கவிட்டு, நடிகர் உதடசைத்து ஆட, அதனைப் படமாக்கும் வழி 1929 இல் ‘த புறோட்வே மெலடி’ படத்தின் தயாரிப்பின்போதே கைக்கொள்ளப்பட்டது. ஆடுபவருக்கு மூச்சு வாங்குவதில்லை. ஒலிவாங்கி படத்தில் விழுவதில்லை. கமெரா விரும்பியவாறு நகரலாம். வசதி கருதி எழுந்த இம்முறையினாற் குரலும் உடலும் இருவேறு நாட்களில், இருவேறு இடங்களில் உருவாகும் பொருள்களாயின. தமது குரலிலேயே பாடியவரும் தமது பழைய குரலுக்குத் தாமே உதடசைப்பவராயினர். அவ்வாறு பிரிந்த குரலின் இடத்தில் இன்னொருவர் குரலை வைப்பதற்கு அதன்பின் ஓரடியே எஞ்சியிருந்தது. அவ்வடியைப் பட நிறுவனங்கள் தயக்கமின்றி எடுத்து வைத்தன.

இவ்வாறு குரல் இரவல் கொடுத்தவர்களுட் பெரிதும் அறியப்பட்டவர் மார்னி நிக்சன் என்பவர். 1930 இல் கலிபோர்னியாவிற் பிறந்து 2016 இல் மறைந்த இப்பெண்மணி செவ்வியல் இசையிற் பயிற்சி பெற்றவர். 1956 இல் ‘த கிங் அன்ட் ஐ’ படத்தில் டெபோறா கெர்ருக்கும், 1961 இல் ‘வெஸ்ற் சைட் ஸ்ரோறி’ படத்தில் நற்றலி வூட்டுக்கும், 1964 இல் ‘மை ஃபெயர் லேடி’ படத்தில் ஓட்றி ஹெப்பேர்ணுக்கும் பாடியவர் அவரே. இம்மூன்று படங்களும் வெளிவந்தபோது பங்குபற்றியோர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. உண்மையை வெளியிட்டால் அந்நகரில் இனி வேலை கிடையாது என முதற் படத்தின்போது தாம் எச்சரிக்கப்பட்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

பாடியவர் ஒருவரே ஆயினும் இம்மூன்று நிகழ்வுகளும் அறநோக்கில் ஒரே தன்மையின அல்ல. டெபோறா கெர் நிக்சனோடு கூடவே இருந்து உழைத்தார். வசனமாகத் தொடங்கிப் பாட்டாக மாறும் இடங்களில் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எடுக்குமாறு இருவரும் அருகருகே நின்று பதிவுசெய்தனர். பாடியவர் இன்னார் என்பதைக் கெர் அக்காலத்திலேயே செய்தியாளரிடம் வெளிப்படுத்தினார். மறைக்க விரும்பியது நிறுவனமேயன்றி நடிகையல்லர். நற்றலி வூட்டின் நிலை வேறு. தமது குரலே படத்தில் ஒலிக்கும் என்ற நம்பிக்கையுடன் அவர் பாடல்களைப் பதிவுசெய்தார். அக்குரலுக்கே உதடசைத்து நடித்தார். படப்பிடிப்பு முடிந்த பின்னரே அக்குரல் நீக்கப்பட்டது. அவ்வுதடுகள் ஏற்கெனவே அசைந்துவிட்ட விதத்திற்கு இயையத் தமது குரலை வளைத்துப் பாடவேண்டிய பொறுப்பு நிக்சனுக்கு வந்தது. ஓட்றி ஹெப்பேர்ணும் குரற்பயிற்சி பெற்றுப் பாடல்களைப் பதிவுசெய்தவரே. சில பகுதிகள் தவிர, அவர் பாடியவற்றிற் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. முதல் நிகழ்வில் இருவரின் உடன்பாட்டில் எழுந்த கூட்டுழைப்பைக் காண்கின்றோம். ஏனைய இரண்டிலும் முகத்திற்கு உரியவரே தமது குரல் பறிபோவதைக் காலந்தாழ்த்தி அறிகின்றார்.

இவற்றைக் குற்றமெனக் கொள்ளலாகாது என வாதிடுவோர் உளர். அவர்தம் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கலையென்பதே பாவனை. நடிகர் அரசராகத் தோன்றுகையில் அவர் அரசரல்லர் என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. நரைமுடியும் ஒப்பனையும் பொய்யெனினும் அவற்றாற் பார்வையாளன் ஏமாற்றப்படுவதில்லை. உயரத்திலிருந்து குதிக்கும் காட்சியில் நாயகனுக்குப் பதிலாக வேறொருவர் குதிப்பதைப் போன்றதே குரலும். திரையிற் பாடும் எலைசா டூலிற்றில் என்னும் பூக்காரப் பெண் ஹெப்பேர்ணும் அல்லள், நிக்சனும் அல்லள். இருவரின் உழைப்பாலும் உருவான மூன்றாமவள். அவளுக்கு அக்குரல் சொந்தமே. இதிற் பொய் எங்கே என்பது அவர் வினா.

இவ்வாதத்தின் வலிமையைத் தமிழ்த் திரைப்படத்தை அறிந்தோர் எளிதில் உணர்வர். எம். கே. தியாகராஜ பாகவதரும் கே. பி. சுந்தராம்பாளும் சொந்தக் குரலிற் பாடி நடித்த காலம் கடந்தபின், பின்னணிப் பாடகரின் குரல் தமிழ்த் திரையின் இயல்பான மரபாயிற்று. எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் சிவாஜி கணேசனுக்கும் ரி. எம். சௌந்தரராஜன் பாடினார். இதனை அறியாத இரசிகர் இலர். அறிந்ததனால் எவரது இன்பமும் குன்றவுமில்லை. இருவேறு நடிகருக்கும் ஏற்பக் குரலை வேறுபடுத்தும் அவரது திறனே தனியொரு சுவையாயிற்று. வானொலியிற் பாடல் ஒலிக்குமுன் அறிவிப்பாளர் பாடகரின் பெயரையே கூறினார். ஆகவே, ஒருவர் முகத்திற்கு இன்னொருவர் குரலை அளித்தல் தன்னளவிற் பொய்யன்று என்பது பெறப்படும்.

ஆயின், ஹொலிவூட்டின் செயலுக்கு இம்மரபு சான்றாகாது. பாவனைக்கும் பொய்க்கும் இடையிலான வேறுபாடு செய்யப்படும் செயலிற் காணப்படுவதன்று. அச்செயல் பற்றி இருசாராருக்கும் இடையிலுள்ள உடன்பாட்டிலேயே அது தங்கியுள்ளது. ஒப்பனை ஒப்பனையென்று பார்ப்போர் அறிவர். பின்னணிக் குரல் பின்னணிக் குரலே என்று தமிழ் இரசிகர் அறிவர். ஹொலிவூட்டின் இரசிகருக்கோ அறியும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. பெயரை விலக்கி, வாயை அடைத்து, நட்சத்திரமே பாடுகிறார் என நம்பவிட்டு, அந்நம்பிக்கையிலிருந்து பயனும் பெறப்பட்டது. இவ்விடத்தில் 1951 இல் வெளிவந்த ‘ஷோ போட்’ படம் பற்றிய செய்தி ஒன்று சிந்தனைக்குரியது. அப்படத்தில் ஏவா கார்ட்னருக்காகப் பாடியவர் அனெற் வொறன். ஆனால் அப்படத்தின் இசைத்தட்டில் ஒலித்ததோ கார்ட்னரின் சொந்தக் குரல். படத்திற்குப் போதாதென்று ஒதுக்கப்பட்ட குரலே இசைத்தட்டில் விற்பனைக்கு உகந்ததாயிற்று. குரலின் தகுதி மட்டுமே கருதப்பட்டிருப்பின் இரண்டிலும் ஒரே குரல் ஒலித்திருக்கும். பெயருக்கும் முகத்திற்கும் இருந்த விலையே எக்குரல் எங்கு ஒலிக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

இனி, உண்மை வெளிப்பட்டபின் இரசிகனின் அன்புக்கு யாது நேர்கின்றது என்பதை நோக்கலாம். ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1790 இல் வெளியிட்ட, தீர்ப்பாற்றல் பற்றிய தமது ஆய்வு நூலில் இதற்கு மிக நெருங்கிய உதாரணம் ஒன்றைத் தருகின்றார். நாட்டுப்புற விடுதியொன்றில் விருந்தினர் தங்கியிருக்கின்றனர். நிலவொளியில் இராக்குயிலின் பாட்டைக் கேட்டு மகிழ்வது அவர்தம் விருப்பம். அயலிற் குயில் இல்லாமையால், அதன் ஒலியை அச்சொட்டாக எழுப்பவல்ல குறும்புக்காரச் சிறுவன் ஒருவனை விடுதிக்காரர் புதருள் மறைத்து வைக்கின்றார். விருந்தினர் மகிழ்கின்றனர். சூழ்ச்சி தெரிந்ததும், முன்னர் அத்துணை இனித்த ஒலியை எவரும் நெடுநேரம் கேட்கப் பொறுப்பதில்லை என்பது கான்ற் காட்டும் முடிவு. இயற்கையென்று கருதியதனாலேயே அவ்வொலி உள்ளத்தைக் கவர்ந்தது. இயற்கையன்று என்றதும் அக்கவர்ச்சி அறுந்தது என்பது அவர் கருத்து.

கான்ற்றின் உதாரணம் கூர்மையானதே. எனினும், திரைப்பாடலின் வரலாறு அவர் கண்ட முடிவோடு முற்றாக ஒத்துப்போகவில்லை. நிக்சனே பாடினார் என்பது காலப்போக்கில் உலகறிந்த செய்தியாயிற்று. அதன்பின் ‘மை ஃபெயர் லேடி’ படத்தை வெறுத்து ஒதுக்கியோர் சிலரே. பலர் பழைய அன்போடு அதனைப் பார்த்ததுடன், குரலுக்கு உரியவரைத் தேடிச் சென்று அவரையும் விரும்பினர். 2006 இல் நிக்சன் எழுதி வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு வாசகர் இருந்தமையே இதற்குச் சான்று. இவ்வேறுபாட்டின் காரணம் தெளிவு. விருந்தினர் விரும்பியது குயிலை. புதருள் இருந்ததோ சிறுவன். இரசிகன் விரும்பியதோ மனிதக் குரலை. திரைக்குப் பின்னால் இருந்ததும் மனிதக் குரலே. குயிலை இழந்த விருந்தினருக்கு வேறொன்றும் எஞ்சவில்லை. ஹெப்பேர்ணின் குரலை இழந்த இரசிகனுக்கு நிக்சன் என்னும் கலைஞர் எஞ்சினார். உண்மை அவனது அன்பை அழிக்காது இருவருக்குப் பகிர்ந்தளித்தது எனலாம்.

கான்ற்றின் உதாரணத்திற் பிறிதொரு குறையும் உண்டு. விருந்தினரின் ஏமாற்றம் பேசப்படுகின்றது. விடுதிக்காரரின் தந்திரம் பேசப்படுகின்றது. இரவு முழுவதும் பனியிற் புதருள் ஒளிந்திருந்த சிறுவனைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அவனுக்குக் கூலி கிடைத்ததா? குயில் இல்லையென்று அறிந்த விருந்தினருள் ஒருவராவது, இத்துணைத் திறமையோடு ஒலித்தவன் யார் என்று எழுந்து சென்று பார்த்தாரா? இரவற் குரல் பற்றிய அறவினாவின் மையம் இங்கேயே உள்ளது. ஏமாந்தவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு சிறிது. அவன் இன்பமேனும் பெற்றான். மறைக்கப்பட்டவருக்கு இழைக்கப்பட்ட தீங்கே பெரிது.

இதனை ஹொலிவூட் அறியாமல் இருந்தது எனவும் கூறவியலாது. 1952 இல் ஜீன் கெலியும் ஸ்ரான்லி டொனனும் நெறிப்படுத்திய ‘சிங்கிங் இன் த றெயின்’ என்னும் படத்தின் கதையே இதுதான். மௌனப்படம் பேசும்படமாக மாறிய காலம். நாயகி லீனாவின் குரல் செவிக்கு ஒவ்வாதது. அவளுக்காகக் கதி என்னும் இளம்பெண் மறைவில் நின்று குரல் கொடுக்கின்றாள். இறுதியில் மேடையின் திரைச்சீலை உயர்த்தப்பட்டு, பின்னால் நின்று பாடுபவள் சபையோருக்குக் காட்டப்படுகின்றாள். நீதி நிலைநாட்டப்பட்டதாக எண்ணி உலகெங்கும் பார்வையாளர் மகிழ்ந்தனர். ஆயின், கதைப்படி லீனாவுக்காகக் கதி பாடும் ‘வுட் யூ’ என்னும் பாடலில் ஒலிப்பது கதியாக நடித்த டெபி றெய்னோல்ட்ஸின் குரலன்று. பெற்றி நொய்ஸ் என்பவரின் குரல். லீனாவின் வசனத்தைக் கதி திருத்திப் பேசும் காட்சியில் ஒலிக்கும் இனிய பேச்சோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயற்குரல். குரல் இல்லாதவளென்று கதையில் நகைக்கப்பட்டவரே அங்கு உண்மையிற் குரல் வழங்கினார். மறைக்கப்பட்ட பாடகிக்கு நீதி கேட்ட படம், தனது பாடகியின் பெயரைத் தனது பட்டியலிற் சேர்க்கவில்லை.

இம்முரண்பாட்டைக் கண்டு அப்படத்தை எள்ளி நகையாடுதல் எளிது. அதனினும் பயனுள்ளது, அதன் இறுதிக் காட்சியிற் பார்வையாளர் ஏன் மகிழ்கின்றனர் என வினவுதல். குரலுக்கு உரியவள் வெளிப்படவேண்டும் என்று எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. திரைச்சீலை உயரும்போது அது நீதியென்று அவர்களின் உள்ளம் தானே கூறுகின்றது. ஆகவே, உண்மை தெரிந்தால் இரசிகர் மனமுடைவர் என்று கூறி மறைப்பை நியாயப்படுத்தியோரின் வாதம், அவர்தம் படத்தாலேயே மறுக்கப்படுகின்றது.

அவ்வாறாயின், தம் குரலிலேயே பாடிய நட்சத்திரங்களை மட்டும் விரும்பினாற் போதுமே என ஒருவர் கூறக்கூடும். இதுவும் முழுமையான விடையன்று. 1939 இல் வெளிவந்த ‘த விசாட் ஒஃப் ஒஸ்’ படத்தில் வானவில்லைப் பற்றிய பாடலைப் பாடிய ஜூடி கார்லண்டின் குரல் ஐயத்திற்கு இடமின்றி அவருடையதே. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 16. இடையறாத வேலைக்காகவும், பின்னர் உறக்கத்திற்காகவும், உடல் மெலிவிற்காகவும் இளம் வயதிலேயே தமக்கு மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அவர் பின்னாளிற் கூறினார். 1969 இல் இலண்டனில், உறக்க மாத்திரை அளவுமீறியதால், 47 ஆவது வயதில் அவர் இறந்தார். அங்கு குரல் இரவலன்று. ஆனாற் குரலுக்கு உரியவர் காக்கப்படவில்லை. குரல் சொந்தமானதா என்னும் ஒரே சோதனை அறத்திற்குப் போதாது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது. இன்பம் தந்தவருக்கு உரியது கொடுக்கப்பட்டதா என்பதே நிக்சனுக்கும் கார்லண்டுக்கும் பொதுவான சோதனையாகும்.

இச்சோதனையை வைத்து நோக்குமிடத்து, மறைப்பினால் முகத்திற்கு உரியவரும் இழப்படைந்தமை புலனாகும். புறோட்வே மேடையில் 1956 இல் எலைசாவாகப் பாடி நடித்த ஜூலி அன்ட்றூஸ் திரைப்படத்திற்குத் தெரிவுசெய்யப்படவில்லை. பெயர்பெற்ற முகம் தேவைப்பட்டமையால் ஹெப்பேர்ண் தெரிவானார். ‘மை ஃபெயர் லேடி’ எட்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஹெப்பேர்ணின் பெயரோ சிறந்த நடிகைக்கான பரிந்துரையிற்கூட இடம்பெறவில்லை. அவ்விருது ‘மேரி பொப்பின்ஸ்’ படத்திற்காக அன்ட்றூஸையே சேர்ந்தது. பாடாதவர் என்ற பேச்சு ஹெப்பேர்ணுக்கு எதிராகத் திரும்பியது எனக் கருதுவோர் பலர். பாட முயன்றவரும் அவரே, தடுக்கப்பட்டவரும் அவரே, பழி சுமந்தவரும் அவரே.

இருளினிடையே ஒளிக்கீற்றுப் போன்ற செயல்களும் இல்லாமலில்லை. ‘வெஸ்ற் சைட் ஸ்ரோறி’ இசைத்தட்டின் வருவாயில் நிக்சனுக்குப் பங்கு மறுக்கப்பட்டபோது, இசையமைப்பாளர் லெனாட் பேர்ன்ஸ்ரைன் தமது உரிமைப்பங்கிலிருந்து நூற்றுக்கு ஒன்றின் காற்பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்தார். தொகை சிறிதாயினும், கொடுக்கவேண்டிய கடன் ஒன்று உண்டு என்பதை அச்செயல் ஏற்றுக்கொண்டது. 1965 இல் ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’ படத்திற் சகோதரி சோபியா என்னும் கன்னிகாஸ்திரியாக நிக்சன் சிறு வேடத்தில் தோன்றினார். அவர் முகத்திலிருந்தே அவர் குரல் எழுந்தது. எனினும், அதே படத்திற் கிறிஸ்ரொபர் பிளமருக்காகப் பாடிய பில் லீ மறைவிலேயே நின்றார்.

முதலில் எழுப்பப்பட்ட வினாவிற்கு இனி விடை காணலாம். பிழையான நம்பிக்கையிற் பிறந்த அன்பு, அக்காரணத்தால் மட்டும் பொய்யாகிவிடுவதில்லை. அறியாமை இரசிகனின் குற்றமன்று. அறிய வாய்ப்புக் கிட்டியபின்னும் அறிய மறுப்பதே அன்பைப் பொய்யாக்குவது. தனது இன்பம் குலையுமோ என அஞ்சிப் பாடியவர் யாரெனக் கேட்காதவன், நட்சத்திரத்தையும் நேசிப்பவனல்லன். தனது மயக்கத்தையே நேசிக்கின்றான். கேட்டறிந்தபின்னும் அப்பாடலிற் கரைபவனே உண்மையில் அதனை நேசிப்பவன். செய்ந்நன்றியறிதல் என்பதை உணவளித்தோருக்கும் உதவினோருக்கும் மட்டும் உரியதெனக் கொள்ளுதல் பொருந்தாது. துயருற்ற ஒரு மாலையை ஒரு குரல் தாங்கிப் பிடித்திருப்பின், அதுவும் நன்றியே. சங்கச் செய்யுள்களைத் தொகுத்தோர் இதனை நன்குணர்ந்தனர். தலைவியின் கூற்றாகப் புலவர் பாடியதை எவரும் பொய்யென்னவில்லை. ஆனாற் பாடியவர் பெயரைச் செய்யுளோடு சேர்த்தே பேணினர். பெயர் தெரியாதவிடத்தும், அவர்தம் செய்யுளின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயரிட்டு வழங்கினர்.

இவ்வினா பழைய படங்களோடு ஒழிந்துவிடுவதுமன்று. உயிரோடிருப்பவரின் குரலையும் மறைந்தவரின் குரலையும் அவர்தம் தொண்டையின்றியே கணினி உருவாக்கவல்ல காலம் இன்று வந்துள்ளது. புதருள் ஒளிந்திருக்க இனிச் சிறுவன் ஒருவனும் தேவையில்லை என எண்ணத் தோன்றும். ஆயினும், அக்கணினி கற்றுக்கொண்டது யாரோ ஒருவர் பல்லாண்டு பயின்று பாடிய பாட்டிலிருந்தே. எனவே, பாட்டு முடிந்ததும் இதனைப் பாடியவர் யார், அவருக்கு உரியது கிடைத்ததா என்று கேட்கும் கடன் இரசிகனுக்கு முன்னையினும் இன்று மிகுதியாகவே உள்ளது.